ஈஷாத மை

மேசையில் வைக்கக் கூடாது. வைத்தால் முடிந்தது. அதனால்தான் காலையிலிருந்து கையிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். வியர்க்கிறது. வியர்வை பட்டால் மை போய்விடும். இடது கைக்கு மாற்று, வலது கையை வேட்டியில் துடை, மறுபடி வலது கைக்கு. ஒரு கிரிக்கெட் பந்து, அவ்வளவுதான். ஒரு பக்கம் தேய்ந்தது. தேய்ந்த பக்கத்தில் ஒரு கையெழுத்து. இந்த மாதிரி எத்தனையோ பார்த்தாயிற்று. ஊரெல்லாம் கொண்டுவருகிறான். கையெழுத்துப் போட்ட பந்து சேர்க்கிற பைத்தியங்கள் இந்தச் சென்னையில் எத்தனை பேர் என்று வெளியே யாருக்கும் தெரியாது. எல்லாப் பைத்தியமும் கடைசியில் என் வீட்டு மாடிப்படி ஏறித்தான் ஆக வேண்டும். அப்பா வாங்கியது, மாமா வாங்கியது, ஓட்டல் லிஃப்டில் வாங்கியது, ரயிலில் வாங்கியது என்று ஆளுக்கொரு கதை. கதை எனக்கு வேண்டாம். பந்தைக் கொடு. லென்ஸில் பார்ப்பேன். அசல் என்றால் "கையைத் தொடைச்சிக்க" என்பேன், துடைத்த கையில் பந்தை வைப்பேன். போலி என்றால் மேசையில் வைத்துவிடுவேன். வாயைத் திறக்க மாட்டேன். மேசைக்கு ஒரு கால் குட்டை. பந்து மெதுவாக ஓரத்துக்கு உருளும், கொண்டுவந்தவன் பாய்ந்து பிடிப்பான். அதுதான் தீர்ப்பு. ஒரு பேங்க் மேனேஜர், "வாயைத் தொறந்து சொன்னா முத்து உதிர்ந்துடுமாய்யா" என்று கத்தினான். சொல்ல என்ன இருக்கிறது. ஒருத்தன் அழுதேவிட்டான். அவனுக்குக் குணவதி காபி கொடுத்தாள். போலிப் பந்துக்காரர்களுக்கெல்லாம் அவள்தான் காபி கொடுப்பாள், சர்க்கரை கொஞ்சம் தூக்கலாகப் போட்டு. "பாவம், அந்தாளு கையிலதான் குடுத்து அனுப்புங்களேன். என்னா கொறைஞ்சிடும்?" "முடியாது." "ஒரு பந்துதானே." "ஒரு பந்துதான். அதான் முடியாது." கல்யாணம் ஆன புதிதிலிருந்தே இந்தப் பேச்சு எங்களுக்குள். அவளுக்குப் பந்து பிடிக்காது. பிடிக்காது என்றுதான் சொல்லிக்கொண்டிருக்கிறாள். அமீர்ஜான் பதினொரு மணிக்கு வருகிறேன் என்றிருக்கிறான். இந்தப் பந்துக்கு. மணி என்ன. பார்க்கக் கூடாது. பார்த்தால் சீக்கிரம் ஓடும்.

மிக்ஸி நின்றுவிட்டது. ஏன் நின்றது. தேங்காய் அரைத்து முடிந்திருக்கும். இல்லை, ஒட்டுக் கேட்கிறாளா. கேட்க என்ன இருக்கிறது, நான் பேசவில்லையே. அமீர்ஜான் போன் செய்ததிலிருந்து அவள் சரியில்லை. திருவல்லிக்கேணியில் கண்ணாடிக் கடை வைத்திருக்கிறான், என் லென்ஸ் அவன் கொடுத்ததுதான். என்னைவிடச் சின்னவன், ஆனால் பந்துப் பைத்தியத்தில் எனக்கு அண்ணன். போனில் அவன் கத்தினால் அடுத்த அறைக்குக் கேட்கும். "அண்ணே, தேவசகாயம் போயிட்டாருல்ல, கிளப்புல ஒரு கண்ணாடி அலமாரி வைக்கிறாங்க அவர் பேருல. அவர் போட்ட தொப்பி வருது, ஸ்வெட்டர் வருது. கையெழுத்துப் பந்து ஒண்ணு வேணும். உங்ககிட்ட இருக்குதே அந்தச் சுத்தமான பந்து, அதைக் குடுங்கண்ணே. நீங்க கையில குடுத்ததுன்னு சொன்னாப் போதும், வேற சாட்சியே வேணாம்." சரி என்றேன். சட்டென்று சரி என்றுவிட்டேன். குணவதி கீரை ஆய்ந்துகொண்டிருந்தவள் நிமிர்ந்தாள். "எந்தப் பந்து?" "தேவசகாயம் பந்து." "அத ஏன் குடுக்கணும்?" இந்த வீட்டில் இருக்கிற பந்தையெல்லாம் மூட்டை கட்டி மெரினாவில் கொட்டிவிட்டு வாருங்கள் என்று வருஷத்துக்கு இரண்டு தடவை சொல்லுகிறவள். அத ஏன் குடுக்கணும். நேற்றுக் குழம்பில் உப்பு இரண்டு மடங்கு. நான் சொல்லவில்லை. சாப்பிட்டேன். அவளும் சாப்பிட்டாள், அவளும் சொல்லவில்லை. அவள் சமையலில் உப்பு கூடினால் அவள்தான் முதலில் திட்டுவாள், உப்பையும் என்னையும் சேர்த்து. சுத்தமான பந்து. அந்த வார்த்தைதான் சாப்பிடும்போதெல்லாம் தொண்டையில் நின்றது. சுத்தம். தேவசகாயம் பந்து எப்படிச் சுத்தமாக இருக்க முடியும்.

இருக்க முடியாது. அதைக் கண்டுபிடித்தவனே நான்தான். எமர்சன் தேவசகாயம். இடது கைச் சுழல். ஓடிவர மாட்டார், நடந்து வருவார், கடைக்குப் போகிறவர் மாதிரி. கையிலிருந்து பந்து போவது தெரியாது, மட்டைக்காரன் ஸ்டம்பைத் திரும்பிப் பார்க்கிறபோதுதான் தெரியும். பெரிய ஆட்டத்துக்கு அவரைக் கூப்பிடவே இல்லை. மடையன்கள். எழுதுவதும் இடது கைதான். அந்தக் காலத்தில் பள்ளிக்கூடத்தில் அடித்து மாற்றிவிடுவார்கள், அவரை மாற்ற முடியவில்லையோ என்னவோ. இன்னொன்று, பால்பாயிண்ட் பேனாவைத் தொட மாட்டார். சட்டைப் பையில் சொந்த மைப் பேனா. பந்தின் பளபளப்பான பக்கத்தில் மை நிற்காது என்று தேய்ந்த பக்கமாகத் திருப்பி வைத்துக்கொண்டு போடுவார். மை காய நேரமாகும். இடது கைக்காரன் எழுதினால் கை எழுதியதன் மேலேயே நகரும். ஈர மையைக் கை இழுத்துக்கொண்டே போகும். அதனால் தேவசகாயம் கையெழுத்து என்றால் ஈஷியிருக்கும். முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரைக்கும் ஒரு நிழல் மாதிரி. நான் பார்த்த எல்லாவற்றிலும் ஈஷல். ஈஷல் இல்லாமல் வந்ததெல்லாம் மேசைக்குப் போனது. எத்தனை பேரின் பந்து உருண்டது அப்படி. "அண்ணன் கண்ணு கண்ணுதான்" என்று அமீர்ஜான் ஊரெல்லாம் சொல்லிவைத்தான். ஈஷாத தேவசகாயம் ஒன்று என் அலமாரியிலேயே, நடுத்தட்டில், என் பழைய காலுறைக்குள் சுருண்டு கிடந்தது. வருகிறவர்களிடம் எடுத்துக் காட்டியிருக்கிறேன். எவ்வளவு சுத்தம் பாரு என்று பெருமை வேறு. அதை மட்டும் லென்ஸில் வைத்துப் பார்த்ததில்லை. ஏன் பார்க்கவில்லை. வீட்டுச் சோற்றைத் தராசில் வைத்தா சாப்பிடுகிறான் மனுஷன். தெரியாமல் இருந்தேனா. தெரிந்துகொள்ளாமல் இருந்தேனா. இரண்டும் ஒன்றா. காது குடைகிறது. மூக்குக் கண்ணாடி எங்கே. மூக்கில்தான்.

அப்போது எனக்கு மஞ்சள் காமாலை. ராயபுரத்து வீடு. துறைமுகத்தில் லீவு போட்டுக் கிடக்கிறேன். கண், நகம், தலையணை உறை எல்லாம் மஞ்சள். சேப்பாக்கத்தில் ஆட்டம். தேவசகாயத்துக்கு அதுதான் கடைசி ஆட்டம் என்று பேப்பரில் போட்டுவிட்டான். அவர் ஆடிய ஒரு ஆட்டம் நான் விட்டதில்லை, ஒரு கையெழுத்தும் வாங்கினதில்லை, வெட்கம், கிட்டே போனால் நாக்கு மடங்கிக்கொள்ளும். பிறகு வாங்கிக்கொள்ளலாம் என்று தள்ளிக்கொண்டே வந்தது. படுத்துக்கொண்டு சுவரைப் பார்த்தேன். கஞ்சி வேண்டாம், கீழாநெல்லி வேண்டாம், ஒன்றும் வேண்டாம். குணவதிக்குக் கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. புருஷனுக்கு உயிர் போகிறது என்று பயந்துவிட்டாள் போல. "பந்து ஒண்ணு குடுங்க, நான் போய் வாங்கியாறேன்." "உனக்கு அவரைத் தெரியாது." "படம் இருந்தாக் குடுங்க." பேப்பரில் வந்த படத்தைக் கத்தரித்து வைத்திருந்தேன், அதைக் கொடுத்தேன். தேவசகாயம் சிரித்துக்கொண்டிருப்பார், படத்துக்குக் கீழே அவர் கையெழுத்தை அச்சடித்திருப்பான். அதை மடித்துப் பர்ஸில் வைத்துக்கொண்டு, பந்தை ஒயர் கூடையில் போட்டுக்கொண்டு, தனியாகப் பஸ் ஏறினாள். கிரிக்கெட்டில் எத்தனை பேர் என்று தெரியாது அவளுக்கு. சாயங்காலம் திரும்பி வந்தாள். ரவிக்கை முதுகெல்லாம் நனைந்து, முகம் வெயிலில் கறுத்து, செருப்பில் ஒரு வார் அறுந்து. கூடையிலிருந்து எடுத்து நீட்டினாள். "இந்தாங்க." நான் எழுந்து உட்கார்ந்தேன். எத்தனையோ நாள் கழித்து அன்றைக்குத்தான் எழுந்து உட்கார்ந்தேன். "என்னா சொன்னாரு?" "ஒண்ணும் சொல்லல." "சிரிச்சாரா?" "சிரிச்சாரு, படத்துல மாதிரியே." கஞ்சி கொடு என்றேன். அவள் ஊட்டினாள். ஊட்டுகிறபோது பார்த்தேன், நடுவிரலில் மை. நகத்துக்குப் பக்கத்தில், நீலமாக. ஈரப் பந்தைத் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறாள் பாவம் என்று நினைத்தேன். அப்படித்தான் நினைத்தேன். நேற்று வரைக்கும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். பந்திலிருந்து மை விரலுக்கு வந்தால் பந்தில் ஈஷியிருக்க வேண்டாமா. நடுவிரலில் நகத்துக்குப் பக்கத்தில் மை எப்போது வரும். பேனா பிடித்தால் வரும்.

காலையில் லென்ஸில் வைத்துப் பார்த்துவிட்டேன். அவள் குளிக்கப் போயிருந்தாள். பார்க்கக் கூடாது என்று வைத்திருந்ததைப் பார்க்க எவ்வளவு நேரம். ஈஷல் இல்லை. சுத்தமாக இருக்கிறது, அச்சடித்த மாதிரி. அச்சடித்த மாதிரிதான், அச்சைப் பார்த்துத்தானே. பேப்பர்க்காரன் ஈஷலை எடுத்துவிட்டு எழுத்தை மட்டும் போட்டிருப்பான். ஒவ்வொரு எழுத்துக்கும் பேனாவைத் தூக்கி, பார்த்து, மறுபடி வைத்திருக்கிறது கை. தூக்கிய இடத்திலெல்லாம் ஒரு பொட்டு மை கூடுதல். பந்து உருண்டை, எழுதுகிறபோது கையை விட்டு ஓடும். ஓடாமல் மடியில் இடுக்கிக்கொண்டிருப்பாள். நடுவில் வருகிற அந்த 'வி' எழுத்து. ஆங்கில 'வி'. தேவசகாயம் அதை ஒரு கீறலாகக் கீறிவிட்டுப் போவார். இதில் வலது நுனியில் ஒரு சின்னச் சுழி, பூ முடிச்சு மாதிரி. அந்தச் சுழியை எனக்குத் தெரியும். பென்ஷன் பேங்கில், கேஸ் ரசீதில், ரேஷன் கடையில், அவள் குணவதி என்று போடுகிற இடத்திலெல்லாம் நடுவில் அந்த 'வி' இருக்கும், அந்தச் சுழி இருக்கும். கான்வென்டில் சொல்லிக்கொடுத்தது, விடவே மாட்டாள். "நேரம் ஆவுது, கிறுக்கிட்டு வா" என்று நான் கவுண்டரில் நின்று பல்லைக் கடிப்பேன். "கையெழுத்துன்னா அழகா இருக்கணும்" என்பாள். எத்தனை வருஷம் அந்தச் சுழியையும் பார்த்தேன், இந்தப் பந்தையும் பார்த்தேன். கண்ணு கண்ணுதான் என்கிறான் அமீர்ஜான். கண்ணாம் கண்ணு.

இப்போது என்ன செய்கிறது. அவன் வருவான். கையை நீட்டுவான். கையில் வைத்தால் அசல் என்று ஆகிவிடும், அலமாரிக்குப் போகும், தேவசகாயத்தின் பெண்டாட்டி பிள்ளைகள் வந்து பார்ப்பார்கள், ஒரு சின்னப் பயல் வந்து கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று, ஏன் சார் இது மட்டும் ஈஷவில்லை என்பான். என் பேர் போகட்டும், பேர் கிடக்கிறது. யாரிடம் வாங்கினது என்று தோண்டுவான். வாங்கிவந்தவள் யார் என்று வரும். அவளை நடுவில் நிறுத்துவான். மேசையில் வைத்தால். வைத்தால் அவள் பார்ப்பாள். இந்த வீட்டில் அந்த மேசைக்கு அர்த்தம் அவளுக்குத் தெரிகிற மாதிரி யாருக்கும் தெரியாது. சமையலறைக் கதவுக்கு நேர் எதிரே கிடக்கிறது மேசை. பந்து உருள்வதை அவள் பார்க்க வேண்டுமா. அவளுக்குக் கூடுதல் சர்க்கரை போட்டு யார் காபி கொடுப்பார்கள். நான் போட்டால் டிகாஷன் தண்ணீராகிவிடும். மூன்றாவது ஒரு வழி இருக்கிறது. கிரிக்கெட் பந்தைக் கையில் எடுக்கிற எவனுக்கும் கை தானாகத் தொடைக்குப் போகும். எச்சில் தொட்டுத் தேய்க்கும். நாங்கள், பந்து சேர்ப்பவர்கள், பாதிப் பொக்கிஷத்தை இழந்தது அப்படித்தான். கிளப் விழாவில் ஒரு தலைமை விருந்தினர், பெரிய அதிகாரி, பழைய காப்டன் கையெழுத்துப் பந்தைக் கையில் வாங்கினார், பேசிக்கொண்டே தொடையில் தேய்த்தார், காப்டன் பேர் முழுக்க அவர் வெள்ளைப் பேண்ட்டில். அமீர்ஜான் மேடையிலேயே தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டான். நானும் அப்படித் தேய்த்துவிடலாம். வயசாகிவிட்டது, மறதி, தேய்த்துட்டேன்பா. மைப் பேனா மை, ஒரு எச்சில் போதும். கேள்வியே இல்லை, பதிலும் இல்லை. கை போகிறது. ஐயோ. கை நிஜமாகவே போய்விட்டது, வேட்டிமேல் பந்து இருக்கிறது. எடு. எடுத்துவிட்டேன். 'வி' இருக்கிறதா. இருக்கிறது. சுழி இருக்கிறது. நெஞ்சு அடித்துக்கொள்கிறது. போலிக்கு இப்படி அடித்துக்கொண்டதில்லை எனக்கு. அசல் கையெழுத்து எப்படி இருக்கும். அசலில் அக்கறை இருக்காது. ஆட்டக்காரன் வேறெங்கேயோ பார்த்துக்கொண்டு, யாரிடமோ பேசிக்கொண்டு, கிறுக்கிவிட்டுப் போவான். என் அலமாரி முழுக்க அப்படிப்பட்ட கிறுக்கல்கள்தான், எவனும் என் முகத்தைப் பார்த்துப் போட்டதில்லை. இது ஒன்று மட்டும் எழுத்தெழுத்தாக, மூச்சைப் பிடித்துக்கொண்டு, பந்து உருளாமல் மடியில் இடுக்கிக்கொண்டு. எனக்கென்று இவ்வளவு நிதானமாக எவனும் கையெழுத்துப் போட்டதில்லை.

காலிங் பெல். வந்துவிட்டான். பத்து நிமிஷம் முன்னாலேயே வந்துவிட்டான், பைத்தியம். குணவதி ஈரக் கையோடு போய்க் கதவைத் திறந்தாள். "அண்ணி, வெயிலு மண்டையப் பொளக்குது. அண்ணன் உயிரோட இருக்காரா?" "இருக்காரு இருக்காரு, பந்தும் கையுமா. உக்காருங்க, காபி போடறேன்." குரல் எப்போதும் போலத்தான். ஆனால் காபி கொண்டுவந்தவள் உள்ளே போகவில்லை, டம்ளரை அமீர்ஜானிடம் கொடுத்துவிட்டுச் சமையலறைக் கதவிலேயே நின்றுவிட்டாள், ஒரு கை நிலையைப் பிடித்திருக்கிறது. மேசையைப் பார்க்கிறாள். என்னைப் பார்க்கவில்லை. அமீர்ஜான் ஒரு வாய் குடித்தான். "அண்ணி, சர்க்கரை தூக்கலா இருக்குதே." அவன் டம்ளரை வைத்தான், கைக்குட்டையை எடுத்து இரண்டு கையையும் துடைத்தான், விரல் விரலாகத் துடைத்தான், நீட்டினான். "குடுங்கண்ணே." நான் எழுந்தேன். முட்டி பிடித்துக்கொண்டது, மேசையைப் பிடித்துத்தான் எழ வேண்டியிருந்தது. நிலையில் அவள் கை இறுகியது. மேசையை விட்டேன். அமீர்ஜான் கையைத் தாண்டிப் போனேன். "அண்ணே, கை இங்க இருக்குது." கேட்டது. நிற்கவில்லை. சமையலறைக் கதவு வரைக்கும் நான்கு எட்டு, வாழ்க்கையில் இவ்வளவு தூரம் நடந்ததில்லை. அவளுக்கு முன்னால் நின்றேன். தேங்காய் வாசனை. நடுவிரலில் மஞ்சள் தூள் ஒட்டியிருந்தது, நகத்துக்குப் பக்கத்தில். "கையைத் தொடைச்சிக்க" என்றேன். அவள் என் முகத்தைப் பார்த்தாள். முந்தானையில் கையைத் துடைத்தாள், இந்தப் பக்கம், அந்தப் பக்கம், விரல் சந்தெல்லாம், நான் மற்றவர்களுக்குச் சொல்லுகிறபடியே. நீட்டினாள். வைத்தேன். தேய்ந்த பக்கம் மேலே வருகிற மாதிரி வைத்தேன்.

"அண்ணே, அப்ப கிளப்புக்கு?" "கீழ்த்தட்டுல ரெண்டு தேவசகாயம் இருக்குது. ஈஷினது. நல்லதாப் பார்த்து எடுத்துக்க." "இது?" "இது குடுக்கறதுக்கு இல்ல." "ஏண்ணே, அசல் இல்லியா?" "கையில குடுத்தேனே, பார்க்கல?" அமீர்ஜான் என்னையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தான், ஒன்றும் விளங்கவில்லை அவனுக்கு. குணவதி குனிந்து பந்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள், கட்டைவிரல் கையெழுத்துக்குக் கிட்டே போனது, தொடவில்லை. "நான் ஸ்டேடியம் கேட்டு கிட்ட போறதுக்குள்ள அவரு வண்டி கெளம்பிடுச்சிங்க" என்றாள் மெதுவாக. "எதிர்க்கப் போஸ்டாபீஸு. உள்ள போய் உக்காந்து அழுதேன். அப்புறம் அங்கியே பேனா வாங்கி... நீங்க மஞ்சளாக் கெடந்தீங்க." "ம்" என்றேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன், வேட்டியில்தான் துடைத்தேன், அதற்கு ஒன்றும் ஆகாது. "யாரு மஞ்சளா? என்னா போஸ்டாபீஸு? அண்ணே?" என்றான் அமீர்ஜான் பின்னாலிருந்து. "காபி ஆறுது பாரு" என்றேன். "குடிச்சிட்டு அலமாரியத் தொற."